கோமதி குரலுக்கு ஏற்ற தோல்

ஜூன் 9, 1998, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. ஆபீஸுக்கு லீவு. டிரம்ஸ் செட்டை முன்னறையில் பரப்பி மேல்தோல் எல்லாம் கழற்றினேன். தோல் என்பது பழக்கத்தில் சொல்வது. எல்லாம் பிளாஸ்டிக். கண்ணாடி மாதிரி மெல்லிசு, தொட்டால் ஊரைக் கூட்டும் ரகம். ஐந்து வருஷமாகச் சனிக்கிழமை சாயங்காலம் ஹோட்டலில் இதைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். ஜோஸ் கீபோர்டு, நான் டிரம்ஸ், என் வீட்டுக்காரி கோமதி பாட்டு.

மார்ச்சில் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் நாணில் முடிச்சு. வருகிற இருபதாம் தேதி முதல் பாடலாம் என்கிறார் டாக்டர். ஆனால் குரலை உயர்த்தி எத்திப் பாடக் கூடாது. மறுபடி முடிச்சு விழுந்தால் பாட்டையே மறந்துவிட வேண்டியதுதான்.

எத்திப் பாடச் சொன்னது யார்? மேடையில் அவள் பக்கம் திரும்பி, கேக்கலை, இன்னும் கொஞ்சம் என்று கையை உயர்த்திக் காட்டினவன் நான்தான். இதை அவளிடம்கூடப் பேசியதில்லை.

பதினொரு நாள் இருக்கிறது. கொட்டு சாதுவாக வேண்டும்.

மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன். திட்டு. இப்போது மெதுவாகத்தான் திட்டுகிறாள். அதுதான் அதிகம் உறைக்கிறது.

ஜூன் 11, வியாழன்

ஆபீஸ் விட்டதும் பழவங்காடி. பிள்ளையார் கோவிலுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் வாத்தியக் கடை. கீழே தேங்காய் உடைபடுகிற சத்தம், மேலே நான் ஒவ்வொரு தோலாகச் சுண்டிக்கொண்டு.

கண்ணாடி, ஒற்றைப் படலம்: வீட்டில் இருக்கிற சனியன். வேண்டாம்.
வெள்ளைப் பூச்சு, ஒற்றை: சாது. சொரசொரப்பு. கம்பி பிரஷ் இழுத்தால் அரிசி களைகிற சத்தம். நடுவில் வைக்கிற ஸ்நேர் கொட்டுக்கு இது.
வெள்ளைப் பூச்சு, இரட்டை: கும் என்று வந்து அடங்கிவிடுகிறது. சுற்றி நிற்கிற டாம் கொட்டுகளுக்கு இதுதான்.
இரட்டை, நடுவில் எண்ணெய்: ஈரத் துணியை அடிக்கிற மாதிரி. வாசிக்கிறவனே தூங்கிவிடுவான்.

கடைக்காரர் நாகர்கோவில். "சார், இந்த வெள்ளைய இப்பம் சர்ச்சுக்காரங்கதான் வந்து வாங்கதாக்கும். பாட்டு முன்னால நிக்கும், கொட்டு பின்னால நிக்கும்" என்றார். அதுதானே வேண்டும். வாங்கிவிட்டேன்.

குடையைக் கடையிலேயே விட்டுவிட்டு பஸ் ஸ்டாப் வரை வந்து, திரும்பப் போனேன்.

ஜூன் 13, சனி

தோல் மாட்டினேன். விளிம்பில் எதிரெதிர் ஆணியாகத் திருகி, சுருக்கம் போனதும் கால் சுற்று. தரையில் நிற்கிற பெரிய டாம், ஃப்ளோர் டாமை ஒரு அடி. கும். நிறைவாக இருந்தது. அடுக்களையிலிருந்து கோமதியைக் கூப்பிட்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று கேட்டாள். "நன்னாத்தான் இருக்கு. ஆனா பின்னாடியே கீன்னு ஒண்ணு வரதே."

"எங்க வரது?"

"இதோ. இப்பவும் வந்துண்டிருக்காக்கும்."

எனக்கு ஒன்றும் வரவில்லை. மூன்று மாசம் பாடாமல் கிடந்ததில் காதுக்குள் ஏதோ கேட்கிறது போல என்று நினைத்தேன். கோபமும் வந்தது. புதுத் தோலைக் குறை சொன்னால் யாருக்கு வராது.

ஜூன் 14, ஞாயிறு

ரவை. மிருதங்கம் இருந்த வீட்டில் பிறந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? மிருதங்கத்தின் இடது பக்கம் ரவையைக் குழைத்து அப்பினால் நாதம் கனக்கும். ஃப்ளோர் டாமுக்கும் அதையே செய்தேன். மாட்டுத்தோலில் ஒட்டுவது பிளாஸ்டிக்கில் ஒட்டுமா? ஆறாவது அடியில் கட்டியாகப் பெயர்ந்து கோமதியின் புடவையில் விழுந்தது.

"நாளைக்கு உப்புமாவுக்கு வச்சிருந்த ரவையாக்கும் அது."

சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ரொம்ப நாள் கழித்து.

சாயங்காலம் எறும்பு. ஈரத்துணியால் துடைத்தேன். கீ மட்டும் போகவில்லையாம்.

ஜூன் 16, செவ்வாய்

ஜோஸ் வந்தான். கோமதி சொன்னதைச் சொல்லாமல் ஃப்ளோர் டாமை அடித்துக் காட்டினேன்.

"சவுண்டு கொள்ளாம் சேட்டா. பட்சே ஒரு மூளல் உண்டல்லோ. கேக்குந்நில்லே?"

சத்தம் நன்றாக இருக்கிறதாம், ஆனால் ஒரு ரீங்காரமாம். அவனுக்கும் அதே கீ. கேட்கிறது என்றேன். பொய்.

அவன் போனதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி வலது காதில் வைத்தேன். டிக் டிக். இடது காதில் வைத்தேன். கடிகாரம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். மாற்றி மாற்றிப் பத்துத் தடவை. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

டிரம்ஸ் தொட்ட நாள் முதல் பதினைந்து வருஷமாக, ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டு அந்தக் காதுக்கு இரண்டு முழத்தில்.

மேடையில் கோமதி நிற்பதும் அந்தப் பக்கம்தான்.

ஜூன் 17, புதன்

ஆபீஸில் தலைவலி என்று சொல்லிவிட்டு அவளுடைய டாக்டரிடமே போனேன். தொண்டை, காது எல்லாம் அவரே. ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போது விரலைத் தூக்கச் சொன்னார்கள். இடது காது முறை வந்தபோது விரல் வெகுநேரம் மடியிலேயே கிடந்தது. மேல் ஸ்தாயிச் சத்தம் எல்லாம் போய்விட்டது, திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். வலது சுமார்.

ஆக, அவள் குரல் சின்னதாக இருந்ததே இல்லை. ஐந்து வருஷம் ஒரு அரைச் செவிடனுக்காகக் கத்தித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டாள். பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. மழையைப் பார்க்கிறவன் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் சொல்லவில்லை.  ராத்திரிக்குத் தோசை, மிளகாய்ப்பொடி.

ஜூன் 18, வியாழன்

"நீ கேளு, நான் திருகறேன்" என்றேன்.  ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு ஆணிக்குப் பக்கத்திலும் நான் தட்ட, இது கொஞ்சம் ஜாஸ்தி, இது ஷரி, அது போறாது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு குனிந்து டிரம்முக்கு அடியில் காதை வைத்தாள்.

"கீழேர்ந்தாக்கும் வரது."

கீழ்த்தோல். அதை மாற்றவே இல்லை. பழைய கண்ணாடித் தோல், போன வருஷம் நானே முறுக்கேற்றி வைத்தது. மேலே வெள்ளை மாட்டின மயக்கத்தில் கீழே குனிந்து பார்க்கவில்லை. அரைச் சுற்று தளர்த்தினேன்.

"போயிடுத்து."

எனக்கு இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"நெஜமாவே உங்களுக்குக் கேக்கலையா?"

டாம் பக்கம் திரும்பி ஆணியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 20, சனி

மழை விட்டிருந்தது. ஹோட்டலில் பாதி மேஜைதான் ஆள். கோமதி பச்சைப் புடவை. 

முதல் பாட்டு. ஸ்நேரில் பிரஷ், டாமில் அங்கங்கே தொடுவது மட்டும். கொட்டு கடைக்காரர் சொன்ன மாதிரி பின்னால் நின்றது. ஜோஸ் கட்டை விரலைக் காட்டினான். அவள் உதடு அசைவது தெரிகிறது, பாட்டு பாதிதான் வருகிறது. என் கை பழக்கத்தில் எழும்பியது. தொடையில் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்ததும் மைக்கை மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தாள். "கேக்கறதா?"

"இல்லை. இடது காது போயிடுத்து கோமதி. டாக்டர்ட்ட காட்டியாச்சு. ரொம்ப வருஷமாவே கேக்கலை போல."

 அவள் கண் கலங்கியதோ என்னவோ. மூச்சை இழுத்தபோது, எத்திப் பாடத்தான் போகிறாள் என்று பயந்துவிட்டேன். மைக் ஸ்டாண்டைத் தூக்கினாள். வயர் இழுபட, ஜோஸுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்து என் வலது பக்கம் நட்டாள். சாப்பிடுகிறவர்கள் ஸ்பூனை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஆரம்பிங்கோ" என்றாள், மெதுவாக.

கேட்டது.