ரேடியோவில் மிஞ்சிய இரைச்சல்

இன்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டுக் கிளம்பிய நேரத்தில் நல்ல மழை. பேருந்துக்குக் காத்திருந்து தொப்பலாக நனைந்துபோய், கடைசியில் ஒரு டாக்சியைக் கைகாட்டி நிறுத்தினேன். ஓட்டுநர் நம் ஆள். ரேடியோவில் தமிழ்ப் பாட்டு போய்க்கொண்டிருந்தது. பாட்டோடு சேர்ந்து ஓர் ஊளையும் கேட்டது. அவர் வேகம் எடுத்தால் ஊளை ஏறியது. சிவப்பு விளக்கில் நின்றால் இறங்கியது.

"பழைய வண்டி லா அக்கா. இப்படித்தான் கத்தும்," என்றார், நான் முகம் சுளித்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு.

"டைனமோவுல சத்தத்தை அடக்குற கண்டென்சர் இருக்கான்னு பாருங்க தம்பி. இருந்தா, அதை முடுக்கியிருக்கிற இடத்துல துரு புடிச்சிருக்கும். சுரண்டிட்டு மறுபடியும் முடுக்குங்க, நின்னுடும்."

அவர் திரும்பியே பார்த்துவிட்டார். "அக்கா வீட்டுக்காரரு மெக்கானிக்கா?"

"இல்ல. துறைமுகத்துல கிளார்க்கு," என்றேன். இருக்கிறார் என்றும் சொல்லவில்லை, இருந்தார் என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஈரச் சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து உங்களுக்கு இதை எழுதுகிறேன். படிக்க நீங்கள் இல்லை. எழுதினால் மனசு ஆறும் என்றும் தோன்றவில்லை. அந்த ஊளையைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ரேஸ் கோர்ஸ் சாலை மாடியில் உங்கள் அண்ணன் குடும்பத்தோடு இருந்தோமே, அந்தப் பலகைத் தடுப்பு நினைவிருக்கிறதா? அந்தப் பக்கம் அவர்கள் இருமினால் இந்தப் பக்கம் நம் கட்டில் அதிரும். கல்யாணமான நாளிலிருந்து நாம் கிசுகிசுத்துத்தான் பேசினோம். சிரிப்பு வந்தால் தலையணையை வாயில் அமுக்கிக்கொள்வேன். உங்கள் ஆபீசில் ஒருவர் ஊரோடு போகிறார் என்று அவருடைய சாம்பல் நிறக் காரை நீங்கள் வாங்கி வந்தபோது அண்ணன், "உனக்கெதுக்குடா காரு?" என்று கேட்டார். அன்றைக்கு என்னை உட்காரவைத்து சாங்கி கடற்கரை வரைக்கும் ஓட்டிப் போனீர்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு நான் வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசினேன். "உன் குரல் இப்படித்தான் இருக்குமா கனகு? இப்பத்தான் ஒழுங்கா கேக்குறேன்," என்றீர்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் நமக்கு அந்தக் கார்தான் வீடு.

அந்த வீட்டில் பாட்டு வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். சுங்கை ரோடு சந்தையில் கனமான பழைய கார் ரேடியோ ஒன்றை வாங்கி வந்து நீங்களே பொருத்தினீர்கள். மட்கார்டில் துளை போட்டு ஏரியல் நட்டீர்கள். குமிழைத் திருகி, ரேடியோ சூடாகும்வரை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். பாட்டு வந்தது. எஞ்சினைக் கிளப்பியதும் பாட்டு போய்விட்டது. தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவது போல ஒரே படபடப்பு. அதற்கு நடுவில் ஓர் ஊளை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நீங்களும் சிரித்தீர்கள்.

அப்படித்தான் நம் இரைச்சல் வேட்டை தொடங்கியது. சந்துக்குள் வண்டியை நிறுத்தி, என்னை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி, நீங்கள் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வீர்கள். "மிதி... இன்னும் மிதி... இப்ப சாவியை அணை!" நான் அணைப்பேன். ரேடியோவுக்கு நேராக பேட்டரியிலிருந்தே கம்பி இழுத்திருந்ததால் அது பாடிக்கொண்டே இருக்கும். முதல் தடவை அணைத்தபோது படபடப்பு அந்த நொடியே செத்துவிட்டது. ஊளை மட்டும் எஞ்சின் சுற்றி ஓய்வதோடு சேர்ந்து மெல்ல இறங்கி நின்றது. "படக்குனு நின்னது பிளக்கோட வேலை. மெதுவா அடங்குச்சே, அது டைனமோ," என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்து சொன்னீர்கள். எத்தனை முறை கேட்டிருப்பேன் உங்கள் வாயிலிருந்து: "ஒவ்வொண்ணா நிறுத்திப் பாரு. எதை நிறுத்துனா சத்தம் நிக்குதோ, அதுதான் ஆளு."

பிளக் கம்பியில் சத்தத்தை அடக்கும் சின்ன உருளையைச் செருகினீர்கள். டைனமோவில் கண்டென்சர் மாட்டினீர்கள். ஏரியலின் அடியில் பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு முடுக்கினீர்கள். பானெட்டுக்கும் வண்டிக்கும் நடுவே செம்புப் பட்டை ஒன்றைக் கோத்தீர்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு சத்தம் ஒழிந்தது. ஒருநாள் கத்தோங் போகும் வழியில், புல்லாங்குழல்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. நான் கைதட்டிவிட்டேன்.

உங்கள் முகம் மலரவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு கனகு. மெல்லிசா, விசில் மாதிரி. பாட்டுக்குப் பின்னாடி."

"எனக்குக் கேக்கலையே."

"நல்லா கேளு."

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்றுமே இல்லை. எனக்குக் காது மந்தம் என்று கேலி செய்தீர்கள். பிறகு கேலி போய், கோபம் வந்தது. போட்ட கண்டென்சரையெல்லாம் கழற்றிப் புதிதாகப் போட்டீர்கள். ரேடியோவையே மேசைமேல் பிரித்துப் பரப்பினீர்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் திரும்ப மாட்டீர்கள். உங்களுடைய வலது பக்கம் நின்று கூப்பிட்டேன் என்பது அன்று எனக்குத் தோன்றவேயில்லை. சாலைக்கு மேலே போகும் டிராலி பஸ்ஸின் மின்கம்பிதான் காரணம், கடைகளின் குழல் விளக்குதான் காரணம் என்றீர்கள். "கரண்டே இல்லாத இடத்துக்குப் போய்ப் பாத்துடுவோம்."

அந்த ஞாயிறு மாலை மண்டாய்ப் பக்கம் போனோம். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். கம்பமோ விளக்கோ எதுவும் கிடையாது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, "இருக்கு," என்றீர்கள். ஏரியல் கம்பியை உருவினீர்கள். பாட்டு நின்றது. "இன்னும் இருக்கு." எஞ்சினை அணைத்தீர்கள். தலையைச் சாய்த்துக் கேட்டீர்கள். ரேடியோவைத் திருகி மூடினீர்கள். கீழே இறங்கி பேட்டரியின் கம்பியையும் கழற்றிப் போட்டீர்கள். வண்டியில் இனி நிறுத்த எதுவும் இல்லை. சருகில் ஏதோ பூச்சி ஊரும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. நீங்கள் மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டீர்கள்.

"கனகு... அது வண்டியில இல்ல," என்றீர்கள்.

நான்தான் முட்டாள்தனமாக, "அப்ப எங்கதான் இருக்கு?" என்று கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓர் இரும்புக் கவையைத் தட்டி அதிரவைத்து வலது காதருகே பிடித்தார். நீங்கள் எதுவும் கேட்கவில்லை என்று தலையசைத்தீர்கள். அத்தனை நாளும் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது அந்த விசில் ஒன்றுதான். காது நரம்பில் கட்டி, உள்ளே மூளையை அழுத்துகிறது, மண்டையைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார். நீங்கள் நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: "எடுத்துட்டா சத்தம் நிக்குமா டாக்டர்?" அவர் உங்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "உறுதி சொல்ல முடியாது," என்றார்.

எடுத்தார்கள். உங்கள் முகம் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. வலது கண் மூடவில்லை. குடித்த கஞ்சி கடைவாயில் வழிந்தது. கண் விழித்ததும் நான் இடது காதருகே குனிந்து, "நின்னுடுச்சா?" என்று கேட்டேன். நீங்கள் இல்லை என்று விரலை ஆட்டினீர்கள். அந்த விரலை நான் மறக்க மாட்டேன். காது போயிற்று, முகம் போயிற்று, அது மட்டும் போகவில்லை. பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கவேயில்லை. கோயிலுக்கு நேர்ந்தேன், பால்குடம் எடுத்தேன். எவ்வளவு கும்பிட்டும் நடப்பது நடந்துவிட்டது. கடைசி நாட்களில் நான் பேசியது உங்களுக்குக் கேட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. உங்களைக் கொண்டுபோன அன்றைக்கு, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் வாய்விட்டு அழுதார். நான் பழக்கத்தில் தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டுதான் அழுதேன்.

காரை விலைக்குப் பார்க்க ஒருவர் வந்தார். ரேடியோவைத் திருகி, எஞ்சினைக் கிளப்பி, "அட, ஒரு சத்தமும் இல்லையே! யாரு போட்டது?" என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன். அவர் வாங்கி ஓட்டிப்போன வண்டி சந்து முனையில் திரும்பும்வரை பாட்டு கேட்டது. அவ்வளவு சுத்தமான பாட்டு.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்கிறார்கள். காலம் எதையும் ஆற்றவில்லை. எடுத்துக்கொண்டுதான் போகிறது. உங்கள் குரலை முதலில் எடுத்துக்கொண்டது. என்ன சொன்னீர்கள் என்பது வரி வரியாக நினைவிருக்கிறது. சொன்ன குரல்தான் வரமாட்டேன் என்கிறது. மேலே எழுதிய உங்கள் பேச்சையெல்லாம் எழுதும்போது என் குரலில்தான் கேட்டேன்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள், பார்வையாளர் நேரம் முடியப்போகும் சமயத்தில், "எப்படித்தாங்க இருக்கும் அது? எனக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்," என்று கேட்டேன். நீங்கள் யோசித்தீர்கள். பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தும் கூச்சப்படாமல் என் கழுத்தைப் பிடித்து இழுத்து, காதில் வாயை வைத்து, மூச்சுத் தீரும்வரை ஊதினீர்கள். ஊதலா, முனகலா என்று சொல்லத் தெரியவில்லை. மெல்லிசாக, ஏறாமல் இறங்காமல், ஒரே நூலாக. என் காது உங்கள் மூச்சில் சூடானது. "இதுதான்," என்றீர்கள். தாதி வந்து மணியாகிவிட்டது என்றார்.

உங்களிடமிருந்து எனக்கு இன்னும் கேட்கிறது அது ஒன்றுதான். பாத்திரம் துலக்கும்போதும், வகுப்பில் பிள்ளைகள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போதும், மழை விட்ட பிறகும் கேட்கிறது. இப்போதும் கேட்கிறது. நிறுத்திப் பார்க்க என்னிடம் எதுவும் இல்லை. நிறுத்தவும் எனக்கு மனசில்லை.