இரவல் மூக்கு

மார்ச் 4
காய்ச்சல் விட்டு இன்றுதான் வேலைக்குப் போனேன். ரோஜா எண்ணெய்க் குப்பியைத் திறந்தால் கருகிய ரப்பர் நாற்றம். யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று சத்தம் போட்டேன். பக்கத்து மேசைக்காரி முகர்ந்துவிட்டு, "ரோஜாதானே மேடம்?" என்றாள்.
எலுமிச்சையும் ரப்பர். சந்தனத்தில் எதுவுமே இல்லை.

மார்ச் 5
காபியும்.

மார்ச் 8
மூக்கு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "காய்ச்சலுக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி ஆகும். பெரும்பாலும் சரியாயிடும். எப்பன்னு சொல்ல முடியாதும்மா. என்ன வேலை பாக்கறீங்க?"
வாசனைத் திரவியம் உருவாக்குகிறேன் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 10
மேலாளரிடம் சொல்லிவிட்டேன். புது சென்ட் ஒன்று என் கையில் இருக்கிறது. ஆர்டர் கொடுத்த கம்பெனிக்கு, குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பும் பெண்ணின் வாசனை வேண்டுமாம். "மாசக் கடைசில அவங்களுக்கு சாம்பிள் போகணும். முடியலன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."
"முடியும் சார்."
வாய் ஏன் அப்படிச் சொன்னது?

மார்ச் 13
எது எதோடு சேரும், எது எதை அமுக்கும் என்பதெல்லாம் தலைக்குள் இருக்கிறது. முகராமலே எழுதினேன், அளந்தேன், கலந்தேன். நன்றாக வந்திருக்கிறதா? தெரியாது. ஆபீஸில் கேட்டால் தொழில் பாஷையில், நான் எதிர்பார்ப்பதையே சொல்வார்கள். காகிதப் பட்டையில் தொட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன்.
என் கணவர் கணக்கு வாத்தியார். கல்யாணமான நாளிலிருந்து நான் எதை நீட்டினாலும் ஒரே பதில்தான்.
"நல்லா இருக்கு."
"நல்லா இருக்குன்னு சொன்னா கொன்னுடுவேன். எது மாதிரி இருக்கு?"
மோட்டுவளையைப் பார்த்தார். "பேங்க்ல டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கற மாதிரி."
சிரிப்பதா, அழுவதா? ஆனால் புரிந்தது. சுத்தம் ஜாஸ்தி, குளிர்ச்சி ஜாஸ்தி. குறைக்க வேண்டும்.

மார்ச் 17
இன்றைய பட்டைக்கு அவர் சொன்னது: "பக்கத்து வீட்டுல விசேஷம், நம்மள கூப்பிடல."
மல்லிகை தூரத்தில் நிற்கிறது என்று அர்த்தமா? கூட்டுவதா, எடுத்தே விடுவதா? நான் கேட்டால், "அது உன் வேலை" என்கிறார்.

மார்ச் 19
சண்டை. அவர் சொன்னதற்கெல்லாம், இல்லை, அப்படி இருக்கவே முடியாது என்று வாதாடினேன். "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, அப்புறம் என்னை எதுக்குக் கேக்கற?" என்று பட்டையைத் தூக்கிப் போட்டார்.
நியாயம்தான். அவர் மூக்கை வாங்கி வைத்துக்கொண்டு அதோடேயே மல்லுக்கு நிற்கிறேன்.

மார்ச் 23
"பிடிமானமே இல்ல" என்று நேற்று சொன்னதற்காக வெட்டிவேரை இரண்டு மடங்காக்கினேன். நானாக இருந்தால் செய்யவே மாட்டேன்.
முகர்ந்தார். இன்னொரு தரம் முகர்ந்தார். பிறகு, "யாரோ அழுது முடிச்சிட்டு, முகம் கழுவிட்டு வெளிய வர்ற மாதிரி இருக்கு."
"யாரு?"
"எனக்கு எப்படித் தெரியும்?"
ஆனால் பட்டையைக் கீழே வைக்கவில்லை.
வாசனையைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா? குழாயைத் திறந்துவிட்டுத்தானே அழறேன், அது கூடவா கேக்குது இவருக்கு? இத்தனை நாள் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?

மார்ச் 24
அதையே அனுப்பிவிட்டேன். அவர்கள் கேட்டது ஒன்று, நான் கொடுத்தது ஒன்று. எந்தத் தைரியத்தில்?

ஏப்ரல் 9
தேர்வாகிவிட்டது! எல்லோரும் கைதட்டினார்கள். மேலாளர் என் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தார். ரப்பர். சிரித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 2
சோப்பு. சோப்பு, சோப்பு மாதிரியே இருந்தது! குளியலறைக் கதவைத் தட்டினார், "என்னாச்சு? என்னாச்சு?" என்று. கதவிடுக்கில் சோப்பை மட்டும் நீட்டினேன்.

செப்டம்பர் 16
லிஃப்டில் ஏறிய பெண் அந்த சென்ட்டைப் போட்டிருந்தாள். ஆபீஸ் குப்பியை இன்றுவரை திறக்காமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். என்ன பயமோ. இப்போது தப்பிக்க வழியில்லை.
வெட்டிவேர் அதிகம். மல்லிகை எங்கேயோ நிற்கிறது. என் பழைய கணக்குப்படி எல்லாமே தப்பு. ஆனாலும் மறுபடி மூச்சை இழுத்தேன். என் மாடி வந்தது, இறங்கவில்லை.
"ஏதாவது வேணுமாங்க?" என்றாள்.
"இல்லம்மா. நல்லா இருக்கு."
அவருடைய அதே பதில், என் வாயிலும்.
இது யார் செய்தது? நானா, அவரா? இன்னும் பிடிபடவில்லை.
சாயங்காலம், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவரிடம் புதிதாய்க் கலந்ததை நீட்டினேன்.
"உன் மூக்குதான் வந்துடுச்சே?"
"சொல்லுங்க" என்று நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.