பிந்தி வந்த வானம்

இன்று காலை வகுப்பறையின் இரும்பு அலுமாரியைத் திறந்தேன். மாத முடிவில் அறையை ஒப்படைக்க வேண்டும். இடம்பெயர்ந்து வந்த குடும்பம் ஒன்று குடிவரப் போகிறது. அடித்தட்டில், அந்த நிற அட்டை வந்த பை கிடந்தது. கணினிக்குள் செருகிப் படத்தை நிறமாக்குகிற அட்டை. உமக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஐந்து வருடமாக மின்சாரம் காணாத ஊரில், அந்தப் பைக்குள் மட்டும் புதுப் பிளாஸ்ரிக் வாசனை கெடாமல் இருந்தது. முகர்ந்துவிட்டு உடனே மடித்து வைத்தேன்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்புப் பக்கத்து இரத்மலானையை விட்டு ஓடிவந்தவர் நீர். அங்கே விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தீர். தனியாக ஏற்றி இறக்கும் அளவுக்குத் தேறியிருந்தீர். குருநகரில் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை வானோட்டியாகப் போகிறான் என்று உங்கள் வேதக் கோவிலில் பூசைகூட ஒப்புக்கொடுத்தார்களாம். அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது, உம்மிடம் மிஞ்சியிருந்தது பறந்த நேரங்களைக் குறித்த கொப்பி ஒன்றுதான். பிறகு வானொலிப் பெட்டி திருத்தினீர், தண்ணீர்ப் பம்பு திருத்தினீர். நான் நல்லூரில் கணினி வகுப்புத் தொடங்கியபோது, இயந்திரத்துக்குப் பயப்படாத ஒருவர் தேவை என்று உம்மைக் கூப்பிட்டேன்.

பறக்கப் பழக்குகிற அந்த நிரல் கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த தட்டில் இருந்தது. கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகள். நெடுங்கோடு இரண்டு ஓடுபாதை. குறுக்குக் கோடு ஒன்று அடிவானம். மத்தியான வகுப்பு முடிந்து பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதும், நீர் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவீர்.

"உதிலை என்னத்தைப் பாக்கிறீர்? வெறுங்கோடு," என்றேன் ஒருநாள்.

"கோடு காணும் ரீச்சர். நான் அசைச்ச உடனை அது அசையுது. எனக்கு உது போதும்."

எண்பத்தொன்பது கடைசியில் உமக்கு ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டுப் பறப்புப் பள்ளி ஒன்று, பயிற்சி பாதியில் நின்றவர்களைக் கொழும்பில் சோதித்துச் சேர்த்துக்கொள்ளப் போகிறது. தரையில் நிற்கிற பயிற்சிப் பொறியில் விமானத்தை இறக்கிக் காட்ட வேண்டும். ஆறு வருடமாக வானம் தொடாத உமது கைக்கு, எங்கள் கணினியைவிட்டால் வேறு கதியில்லை. அன்று உமது முகத்தில் கண்ட வெளிச்சத்தை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை.

அந்த வாரம்தான் சிங்கப்பூரிலிருந்து என் அண்ணை நிற அட்டையும் நிறத் திரையும், அதே நிரலின் புதிய பதிப்பும் அனுப்பினார். நானே திருகாணிகளைக் கழற்றிப் பூட்டினேன். நீல வானம், பச்சை வயல், சாம்பல் நிற ஓடுபாதை. பிள்ளைகள் கதிரைகளில் ஏறி நின்று பார்த்தார்கள். பெற்றோர் வந்து பார்த்தார்கள். புதிதாகச் சேர வந்தவர்களுக்கு இருக்க இடமில்லை. பழைய அட்டையையும் பச்சைத் திரையையும், அவற்றில் மட்டும் ஓடுகிற பழைய நிரலையும் அச்சுவேலியில் இன்னொரு வகுப்புக்குக் கொடுத்துவிட்டேன். உம்மைக் கேட்கவில்லை.

நீர் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினீர்.

"படம் நல்ல வடிவு. ஆனால் பிந்தி வருது ரீச்சர். பிடியை இழுத்தால் கொஞ்சம் நிண்டுதான் விமானம் மூக்குத் தூக்குது."

ஏன் என்று எனக்குத் தெரியும். அட்டை நிறத்தைக் காட்டுமே ஒழிய வரையாது. ஒவ்வொரு படத்திலும் வானத்தையும் வயலையும் நிரப்புகிற வேலை, கோடு கீறவே பாடுபட்ட அந்தப் பழைய கணினியின் தலையில் விழுந்தது. அது மூச்சு வாங்கி வாங்கிப் படம் காட்டியது. தெரிந்துகொண்டும், "பழகினால் சரிவரும்," என்றேன்.

பழகினீர். இரண்டு மாதம், ஒரு நாள் விடாமல். இழுப்பது, காத்திருப்பது, போதாதென்று இன்னும் இழுப்பது. கடைசியில் அந்தப் பிந்துகிற விமானத்தையும் பூப்போல இறக்கினீர். நான் கைதட்டினேன்.

கொழும்பிலிருந்து திரும்பி வந்த அன்று சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றீர்.

"சரிவரேல்லை. அங்கத்தைப் பொறி தொட்ட உடனை கேக்குது. நான் இஞ்சை பழகின மாதிரியே கூடுதலாய் இழுத்துப்போட்டன். மூக்கு மேலை போச்சு. அமத்தினன், கீழை போச்சு. நிப்பாட்டவே ஏலாமல் போச்சு." பிறகு கேட்டீர்: "ரீச்சர், அந்தப் பழைய அட்டையைத் திருப்பி எடுக்கலாமோ? கையை மாத்தவேணும். இன்னொருக்கா எழுதிக் கேக்கப்போறன்."

அச்சுவேலிக்குச் சைக்கிளில் போய்வர ஒரு மத்தியானம் போதும். அங்கே இருந்தவர்கள் மறுத்திருக்கமாட்டார்கள். ஆனால் பச்சைக் கோட்டுக்குத் திரும்பிப்போனால் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்றுதான் நான் யோசித்தேன். அதைவிட, என்மேல் குற்றம் சொல்லுகிறீர் என்று கோபம் வந்தது.

"விளையாட்டுச் சாமானை நம்பிப் போனால் உப்பிடித்தான் வரும்," என்றேன்.

அடுத்த நாளும் நேரத்துக்கு வந்து பிள்ளைகளுக்குப் படிப்பித்தீர். அந்தத் திரையின் முன் மட்டும் பிறகு உட்காரவே இல்லை. சில மாதத்தில் போர் மூண்டு மின்சாரமும் நின்றது; எந்த அட்டைக்கும் வேலையில்லாமல் போனது. எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. இப்போது எழுதவே கூசுகிறது.

தொண்ணூற்றிரண்டில் இரண்டாவது கடிதம் வந்தது. திரும்பவும் கொழும்பு, திரும்பவும் சோதனை. ஆனால் இந்த முறை ரயிலும் இல்லை, பாதையும் இல்லை. கிளாலியில் படகேறிக் கடல்நீரேரியைக் கடக்க வேண்டும். போவதற்கு முதல் நாள் என் வீட்டுப் படலை வாசலில் சைக்கிளை நிறுத்தினீர்.

"வாறன் ரீச்சர்."

"பழகாமல் எப்பிடி ஓட்டப்போறீர்?"

"கண்ணை மூடிக்கொண்டு பழகிறன். அது பிந்தாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர். குத்திச் சொன்னீரா, சும்மா சொன்னீரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படகில் அளவுக்கு மீறி ஆட்கள். நடுவில் காற்று எழும்பிக் கவிழ்ந்தது. கரையேறியவர்கள் வந்து சொன்னார்கள்: நன்றாக நீந்தத் தெரிந்தவராம், ஆனால் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டார்களாம், உதறாமல் அவர்களையும் இழுத்துக்கொண்டு நீந்தப் பார்த்தாராம். மூன்றாம் நாள்தான் கிடைத்தீர்.

முதல்முறையே தேறியிருந்தால் தொண்ணூறிலேயே நீர் ரயிலேறிப் போயிருப்பீர். அந்தப் படகில் உமக்கு வேலையே இருந்திராது. விதி என்கிறார்கள், காலம் என்கிறார்கள், காற்று என்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன். நான்கு திருகாணியைக் கழற்றி அந்த அட்டையை நான் பூட்டிய வேலை அது என்று ஒருவருக்கும் சொன்னதில்லை.

உமது முப்பத்தோராம் நாள் பூசைக்குக் குருநகருக்கு வந்தேன். கோவில் வாசலில் உமது அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, உங்கடை மிசின் இல்லாட்டி என்ரை பிள்ளை எண்டைக்கோ மனம் விட்டிருப்பான். உங்களாலைதான் அவன் கடைசி மட்டும் பறக்கலாமெண்டு நம்பினவன். நீங்கள் நல்லாயிருக்கவேணும்."

சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் அந்தக் கைகள் என்னை விட்டுவிடும் என்று பயந்தேன். "ஓம் அம்மா," என்று மட்டும் சொன்னேன். அவர் என் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பினார்.

இப்போதும் சந்தையில் கண்டால் விலகிப் போகிறேன். அவர் விடுவதில்லை, கூப்பிட்டு, கூடையிலிருக்கிற மீனில் நல்லதாகப் பார்த்து என் பையில் போடுகிறார். நான் வாங்கிக்கொள்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கிறேன். சாப்பிடுகிறேன்.