அவள் இல்லாத பதினொன்று

பிப்ரவரி 11, செவ்வாய்

மழை. மைதானம் முழுக்கச் சேறு. பயிற்சியைப் பள்ளிக்கூட உள்ளரங்குக்கு மாற்றினேன். அரங்கின் படியில் தங்கை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டாள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இப்படித்தான். வலியைவிட, வலிப்பது வெளியே தெரிந்துவிடுமோ என்றுதான் அவளுக்குப் பயம்.

எங்கள் கால்பந்து அணிக்கு அவள் கேப்டன், அக்கா நான் கோச். வீட்டில் கீழே அவளும் அம்மாவும், மாடியில் நான். எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. அதனால்தான் சிக்கல்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அரையிறுதியில் பெனால்டியில் தப்பித்தோம். அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம், போன வருட சாம்பியன்களோடு. அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் பெண்ணுக்கு எங்கள் பெண்கள் வைத்த பேர் 'ரயில்'. லீக் ஆட்டத்தில் என் தங்கையைத் தாண்டிப் போய் இரண்டு கோல் போட்டவள். தடுப்பாட்டத்தில் நடு இடம் தங்கையுடையது. அவளைத் தாண்டிவிட்டால் அப்புறம் கோல்கீப்பர் விட்ட வழி.

பிப்ரவரி 18

என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

சொல்லிவிட்டேன்.

பந்துகள் வைக்கும் அறையில் தங்கை ஒரு பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நெட்டைய இறக்கலாம்னு பாக்கறேன்."

நெட்டை எங்கள் அணியிலேயே சின்னவள், உயரமானவள். ஆட்டத்தின் போக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் ஓட்டத்தில் குதிரை.

தங்கை பம்பை நிறுத்தவில்லை. "எனக்குப் பதிலாவா?"

"ம்."

"இதோட நிறுத்திக்கறேன்னு சொல்லியிருந்தேன்ல. இதுதான் எனக்குக் கடைசி மேட்ச்."

"தெரியும்."

"வேற கோச்சா இருந்தா சண்டை போட்டிருப்பேன். உன்கிட்ட எங்க போடறது? ஒரே வீட்டுக்குத்தான போகணும்."

பந்து கல்லாகிவிட்டது. இன்னும் அடித்துக்கொண்டே இருந்தாள்.

வேறு வழியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு வழி இருந்தது. தோற்கிற வழி.

பிப்ரவரி 21

அம்மா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நின்றாள். "எவளோ வேகமா ஓடறாங்கறதுக்காக வீட்டுப் பொண்ண ஓரமா உக்கார வெப்பியா? கப்பு பெருசா, கூடப்பிறந்தவ பெருசா?"

என்ன சொல்றது? மத்த பொண்ணுங்களுக்கும் அம்மா இருக்காங்கம்மா — அவங்களும் கேப்பாங்களே, தங்கச்சி பெருசா எங்க பொண்ணுங்க பெருசான்னு?

பிப்ரவரி 23, ஞாயிறு

ஒன்றுக்குப் பூஜ்யம். நாங்கள் சாம்பியன்.

இதை எழுதும்போது கை கொஞ்சமாவது துள்ள வேண்டாமா?

ஆட்டம் முழுக்கத் தங்கை பெஞ்சிலிருந்து கத்திக்கொண்டே இருந்தாள். "நெட்ட, பின்னால பாரு! கால விடாத! வெளிய தள்ளு, வெளிய!" நான் கோச். என் குரலைவிட அவள் குரல்தான் மைதானத்தில் ஆடியது.

முடியப்போகிற நேரத்தில் ரயில் கழன்றுகொண்டாள். முன்னால் கோல்கீப்பர் மட்டும். நெட்டை எங்கிருந்து பிடித்தாளோ தெரியாது. பாய்ந்து வந்து, தங்கை கத்தியபடியே, அவளை மூலைக்குத் தள்ளிப் பந்தை வெளியே அனுப்பிவிட்டாள்.

அந்த ஓட்டத்தை என் தங்கையால் ஓடியிருக்க முடியாது. அவளுக்கும் அது தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நீ செஞ்சது சரிதான் என்று இருந்தது அந்தப் பார்வை.

கோப்பை வாங்க கேப்டனைக் கூப்பிட்டார்கள். வாங்கிய கையோடு நெட்டையிடம் கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டாள்.

ஒரு நிருபர் கேட்டார், "சொந்தத் தங்கச்சியவே வெளிய வெச்சீங்களே மேடம், எப்படி வந்தது அந்தத் தைரியம்?" சிரித்து வைத்தேன். தைரியமாம்.

பிப்ரவரி 25

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்கிறாள் அம்மா. தொண்டைதானா?

பிப்ரவரி 27

கீழே அம்மாவோடு அவள் பேசுவது மாடிவரை கேட்டது. கணீரென்ற குரல். நான் இறங்கியதும் நின்றுவிட்டது.

தொண்டை இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

கிளப்பில் பாராட்டுக் கூட்டம். செயலாளர் என்னைப் பாறை என்றார், இரும்பு என்றார். மனுஷி என்று மட்டும் சொல்லவில்லை. தங்கை வரவில்லை.

தோற்றிருந்தால் 'தப்புப் பண்ணிட்டேன்டி' என்று அவள் மடியில் விழுந்திருப்பேன். அவளும் இரண்டு திட்டுத் திட்டிவிட்டுச் சேர்த்துக்கொண்டிருப்பாள். ஜெயிச்சவ எதுக்குன்னு மன்னிப்புக் கேக்கறது? மறுபடி அதே ஞாயிறு வந்தாலும் நெட்டையைத்தான் இறக்குவேன். அது அவளுக்கும் தெரியும். அதற்கு மேல் பேச எங்களுக்குள் என்ன இருக்கிறது?

ஏப்ரல் 22

தங்கை வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் வீடு கிடைத்துவிட்டதாம். சாமான் ஏற்ற வண்டி வந்தது. அம்மாவும் கிளம்பிவிட்டாள்.

"நீயும் போறியாம்மா?"

"நீ தனியா இருந்துப்ப. அவ இருக்க மாட்டா."

அம்மா என்னைப் பாராட்டினாளா, கைகழுவினாளா?

மே 3

கீழ் வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. போய்ச் சாத்திவிட்டு வந்தேன்.

ஜூலை 17

அம்மா போனில் சொன்னாள். இந்த வருடம்தான் எங்கள் லீக்கின் மேல் பிரிவுக்கு வந்த ஒரு சின்ன அணியில் தங்கை சேர்ந்திருக்கிறாளாம். "பெஞ்சுல உக்காந்து முடிக்க மாட்டேங்கறா. நான் என்ன பண்ண?"

அந்தக் காலோடா?

செப்டம்பர் 14, ஞாயிறு

தங்கையின் புது அணியோடு ஆட்டம்.

காலையில் என் பெண்களைக் கூட்டி வைத்து, அவர்களுடைய தடுப்பாட்டத்தில் எங்கே ஓட்டை என்று சொன்னேன். நடுவில் நிற்பவளுக்கு இடது பக்கம் திரும்ப நேரமாகும், பந்தை அந்தப் பக்கமே போடுங்கள் என்றேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நெட்டை ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள்.

போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் தங்கை முன்னாலேயே அங்கே போய் நின்றிருந்தாள். ஓடவே இல்லை. நான் என்ன சொல்லி அனுப்புவேன் என்று அவளுக்குத் தெரியாதா?

கோல் இல்லாமல் முடிந்தது. அவர்கள் கோப்பையே ஜெயித்த மாதிரி அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

வாசலில் தங்கை முழங்காலில் ஐஸ் வைத்துக் கட்டியபடி நின்றிருந்தாள். பக்கத்தில் போனேன்.

"வா, வண்டியில விடறேன். அம்மாவையும் பாத்த மாதிரி இருக்கும்."

"வேணாம்க்கா," என்றாள். கோபமே இல்லை குரலில். "எங்க பஸ் வந்துடும்."

வந்தது. ஜன்னலோரம் யாரோ எழுந்து அவளுக்கு இடம் விட்டார்கள். உட்கார்ந்ததும் ஏதோ சொன்னாள். பஸ்ஸே சிரித்தது.