சிரட்டையில் கிடந்த ஏழு மாத்திரைகள்

சர்மிளா அப்பா,

தோட்டத்துக் குழந்தைகள் வருமுன் பிள்ளை மடுவத்தைத் திறக்கப் போகிறேன். மாமாவுக்குக் கஞ்சி ஃபிளாஸ்கில் இருக்கிறது. நேற்றைய சண்டையை நான் மறுபடி எடுக்கவில்லை. ஆனால் இரவு வேலை முடிந்து வந்து தூங்குவதற்கு முன் இதை வாசியுங்கள்.

காலையில் கூட்டும்போது மாமாவின் கட்டிலுக்கு அடியில் அவருடைய பழைய ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டை கிடந்தது. அதற்குள் ஏழு மோர்பின் மாத்திரைகள். நாக்குக்கு அடியில் வைத்திருந்து, நான் திரும்பியதும் துப்பியிருக்கிறார். நான்கு நாளாக முழு வலியோடு கிடக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

“அத போட்டா தூக்கமா வருது புள்ள. அலன் வாறப்ப நான் முழிச்சிருக்கணும்.”

உங்கள் தம்பி அலன் சனிக்கிழமை கட்டாரிலிருந்து வருகிறான் என்று திங்கள் இரவு உங்கள் அப்பாவிடம் சொன்னது நீங்கள். ஆறுதலுக்குத்தான், தெரியும். நானும் தலையாட்டினேன். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்பதை இன்று நீங்களே சொல்லிவிடுங்கள். அலனுக்கு வீடியோ கோல் எடுத்து, அவன் முகத்தையாவது காட்டுங்கள். கிளினிக் நர்ஸ் மிஸ்ஸிடம் கேட்டுவிட்டு மாத்திரை கொடுங்கள். விழுங்கினாரா என்று வாயைத் திறந்து பாருங்கள்.

செலினா

பக்கத்து வீட்டுப் பவுல் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். மாமாவுக்குச் சவரம் செய்ய அவர் பத்து மணிக்கு வருவார். அதற்கு முன் சொல்லுங்கள்.

இன்னொன்று. வெள்ளைச் சட்டையைத் தேய்க்கச் சொன்னார். அலன் வருவதற்கா என்றேன். “அதுக்கும் அதான், பெட்டிக்கும் அதான். ரெண்டு தடவ தேய்க்காத,” என்றார். தேய்த்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். அதையேதான் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

நாளைக்குச் சனிக்கிழமை.