பக்கத்து சீட்டு

என் வீட்டுக்காரிக்கு,

நீயும் சின்னவளும் சுகம்தானே? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன், நம்பு.

வேலைக்குப் போய்வர யானை மாதிரி ஒரு பழைய எஸ்யூவி வாங்கினேனே, அது போன வாரம் நடுரோட்டில் கொஞ்சம் ஆவி விட்டது. பயப்படாதே, ரேடியேட்டர் குழாய்தான் வெடிச்சிருந்தது. மெக்கானிக் பிடிபிடின்னு பிடிச்சிட்டார். "பழைய வண்டி வாங்கினா குழாய், பெல்ட், பிரேக், ஆயில் எல்லாம் பார்க்க வேண்டாமா? துடைச்சுப் பளபளன்னு வச்சா ஆச்சா?" எல்லாத்தையும் மாத்தியாச்சு.

கடைசியா, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டை நகர்த்திப் பார்த்தார். அசையவே இல்லை. "யாரும் உட்காராம துருப்பிடிச்சிருக்கு. எண்ணெய் விட்டிருக்கேன், தினமும் முன்னும் பின்னும் தள்ளு"ன்னார். தினமும் தள்ளுறேன். தள்ளிட்டு, நீ இங்கே வந்தா காலை நீட்டி உட்கார எங்கே நிறுத்தணும்னு யோசிக்கிறேன். பிடிபடவே மாட்டேங்குது.

ஒரு வேலை செய். சுவரில் சாஞ்சு காலை நீட்டி உட்கார்ந்து, இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் சின்னவளை அளக்கச் சொல்லி எழுது. சிரிக்காதே.

ஷிஃப்டுக்கு நேரமாச்சு, வண்டியை எடுக்கணும். அளவு வந்ததும் சீட்டை அங்கேயே நிறுத்திடுவேன். அப்புறம் துருப்பிடிச்சாலும் பிடிக்கட்டும்.

உன்னவன்