கயிற்றை விடாத கால்சியங்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

பெருமக்களே, அமைதி! அறிவியல் கண்காட்சியில் ஏடிபி எனும் மாபெரும் பொறுப்பு எனக்கு வழங்கப்பட்டுள்ளது. ஏடிபி என்றால் செல்லுக்குள் சக்தியைச் சுமக்கும் மூலக்கூறு. அதாவது நான். மாலைகள் தவிர்க்கவும்.

உண்மையில் இது தண்டனை. ஆய்வகத் தவளை ஜாடியில் "தூங்குகிறேன், எழுப்பாதீர்" என்று ஒட்டியது யார் என்று உயிரியல் டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். "தசை எப்படி இறுகித் தளருதுன்னு நடிச்சுக் காட்டு. சொதப்பினா ஃபுட்பால் டீம்ல உன் பேரு இருக்காது."

ஞாயிறு அரையிறுதி. விடுவேனா?

ஆகஸ்ட் 5

ஆய்வகத்தை ஒட்டிய சாமான் அறைதான் தசைக்குள் இருக்கும் பை. உள்ளே ஆறாம் வகுப்புப் பொடிசுகள் — கால்சியம். வாசலை மறிக்கும் மக்னீசியம், பிளஸ் டூ படிக்கும் என் அக்கா. (மக்குனீசியம் என்றேன். குட்டு விழுந்தது.) மணி (அதாவது நரம்பின் கட்டளை) அடித்ததும் நான் கதவைத் திறக்க உதவணும், பொடிசுகள் ஓடிவந்து கயிற்றை இழுத்தால் தசை இறுகும். உள்ளே திரும்பினால் தளரும்.

ஆகஸ்ட் 6

மணி அடிக்காமல் எவ்வளவு தள்ளினாலும் அக்கா அசையவில்லை. "நான் மறிக்கலேன்னா சும்மா இருக்கும்போதே தசை துடிக்கும்டா. அது சரி, திருப்பி உள்ளே ஏத்தறதும் ஏடிபி வேலைதான். ஒத்திகை பார்த்தியா?"

"விசில் அடிச்சா பொடிசுங்க தானா உள்ளே போயிடுங்க."

ஆகஸ்ட் 7

வசனம் தலைகீழ்ப் பாடம். ஜெயிச்சே தீருவேன்.

ஆகஸ்ட் 8

கண்காட்சியில் வெற்றி! கதவு திறந்தது, பொடிசுகள் பாய்ந்தன, கயிறு விறைத்தது. பிறகு சின்னச் சிக்கல் — ஒருத்தனும் கயிற்றை விடவில்லை. விசிலா? காதில் வாங்கினால்தானே! "தசை பிடிச்சுக்கிச்சு போல" என்றார் டீச்சர், ஊருக்கே கேட்கும்படி. அசருவேனா? புத்தகத்தில் உள்ளபடி இரண்டிரண்டு பேராக உள்ளே ஏற்றினேன். கயிறு தளர்ந்தது. கைதட்டல்!

வீட்டிலும் இதையே அளந்தேன். அக்கா சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 9

டீம் பட்டியலில் என் பேர் இருக்கிறது. ஆனா உறுத்துது. அக்கா வீட்டுல காட்டிக் கொடுத்திருந்தாக்கூடத் தேவல.

சரி, இங்கேயாவது சொல்லித் தொலைக்கிறேன். விசில் பலிக்காதபோது எனக்குக் கை கால் ஓடலை. டீம் போச்சுன்னு கண்ணுல தண்ணி வேற. அக்காதான் வாசலை விட்டு வந்து என் கையைப் பிடித்தாள். "ஏடிபி தனியா ஒண்ணும் கிழிக்காதுடா. மக்னீசியம் கூட ஒட்டிக்கிட்டாத்தான் வேலை நடக்கும். வா."

பொடிசுகளை அதட்டி உள்ளே கொண்டுபோனதெல்லாம் அவள். நான்? அவள் கையை விடாமல் பின்னாலேயே போய்வந்தேன்.